நாலு கீறல்

ஸ்க்ரூடிரைவர் வழுக்கியது.

பெரிய சத்தம் ஒன்றுமில்லை. சர்ரக் என்று ஒரு சின்னச் சத்தம், பூனை சோபாவில் நகம் தீட்டுகிற மாதிரி. ஆனாலும் அதைக் கேட்டதும் டாக்டர் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

அவர் நிஜ டாக்டர் இல்லை. கடைப் பலகையில் ‘கம்ப்யூட்டர் டாக்டர்’ என்று எழுதி வைத்திருந்ததால் தெருவே அவரை அப்படித்தான் கூப்பிட்டது. சிலர் மரியாதையாகக் கூப்பிட்டார்கள். அவரிடம் ஒருமுறையாவது ரிப்பேருக்குக் கொடுத்தவர்கள் வேறு மாதிரி கூப்பிட்டார்கள்.

நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, டார்ச் அடித்துப் பார்த்தார். மதர்போர்டின் பச்சை உடம்பில், விசிறிக்குக் கீழே கீறல். ஒன்று, இரண்டு, மூன்று... நாலு.

“ஒரே வழுக்கல்ல நாலா?” என்று முனகினார். தன் கையின் மேல் அவருக்கே பெரிய மரியாதை கிடையாது. நாலு என்ன, நாற்பது போட்டாலும் அது போடும் என்று தோன்றியது.

கடையின் முன்பக்கத்தில் ஜெராக்ஸ் மெஷினோடு நின்றுகொண்டிருந்த மனைவி திரும்பாமலே கேட்டாள்:

“என்ன உடைச்சீங்க?”

“ஒண்ணும் உடைக்கல.”

“அப்ப என்னத்தைக் கீறினீங்க?”

கல்யாணமாகிப் பதினாலு வருஷம். சத்தத்தை வைத்தே சேதத்தைச் சொல்லுகிற அளவுக்கு அவள் தேறியிருந்தாள்.

“மதர்போர்டு. லேசாத்தான்.”

“யாரோடது?”

டாக்டர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். மறுபடி வைத்தார்.

“யாரோடதுன்னு கேட்டேன்.”

“மனு சாரோடது.”

ஜெராக்ஸ் மெஷினின் மூடி அவள் கையிலிருந்து நழுவி ‘டப்’ என்று மூடிக்கொண்டது.

மனு சார் என்பது அவருடைய பெயர் இல்லை, தொழில். எந்த வேலையிலிருந்து ஓய்வு பெற்றார் என்று யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற்ற பிறகு செய்கிற வேலை எல்லோருக்கும் தெரியும். புகார் மனு எழுதுவார். தெரு விளக்கு சிமிட்டினால் ஒரு மனு. அதைச் சரிசெய்தால், வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று இன்னொரு மனு. முனையில் இருந்த பேக்கரியில் விடிகாலையில் ரொட்டி வாசனை வந்து தூக்கம் கெடுகிறது என்று பதினேழு மனு போட்டார். பேக்கரிக்காரர் வெறுத்துப்போய்க் கடையைக் காலி செய்துகொண்டு போனார். மறுவாரமே, ‘எங்கள் தெருவில் ரொட்டி வாங்க வசதியில்லை’ என்று ஒரு மனு போயிற்று.

அந்த மனுஷர்தான் காலையில் கடை திறந்ததும் திறக்காததுமாக வந்து நின்றார். அவர் கையில் ஒரு கோப்பு. பின்னால் அவருடைய மனைவி, வெயிலில் வியர்த்துக்கொண்டு, கம்ப்யூட்டரைச் சுமந்து வந்தார்.

“ரெண்டு நாளா எழுதிக்கிட்டு இருக்கும்போதே பட்டுனு அணைஞ்சு போகுது. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள ஒரு முக்கியமான மனு போயாகணும். இன்னிக்குத்தான் கடைசி நாள்.”

“தூசியா இருக்கும் சார். உள்ள தொடைச்சாச் சரியாயிடும்.”

“தொடைக்கிறப்ப ஏதாவது ஆச்சுன்னா?”

“ஒண்ணும் ஆகாது சார்.”

“ஆகாதுன்னு எழுதிக் குடு.”

டாக்டர் எழுதிக் கொடுத்தார். தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, கடை முத்திரையும் குத்தினார். மனு சார் அதை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொண்டார். அந்தக் கோப்பில் கம்ப்யூட்டரின் ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண்ணும் கட்டம் போட்டு எழுதியிருந்தது. மதர்போர்டின் எண்ணுக்குக் கீழே மட்டும் சிவப்புக் கோடு.

இப்போது அந்த மதர்போர்டில் நாலு கீறல்.

“முதல்ல ஆன் பண்ணிப் பாருங்க. ஒருவேளை ஓடும்” என்றாள் மனைவி.

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். விசிறி அரைச் சுற்றுச் சுற்றி, ‘எனக்கெதுக்கு வம்பு’ என்பது போல் நின்றுவிட்டது.

“ஓடல.”

“கண்ணைத் திறந்து பாருங்க.”

“திறந்துதான் சொல்றேன். ஓடல.”

மேசை இழுப்பறையைக் குடைந்து ஒரு அழிப்பானை எடுத்தார். கீறலை அழிப்பானால் லேசாகத் தேய்த்தால் அழுக்குப் போய்ச் செம்பு தெரியும், அப்புறம் எங்கே அறுந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளலாம் என்று எங்கேயோ படித்திருந்தார். லேசாகத்தான் தேய்க்க ஆரம்பித்தார். பதற்றத்தில் கை அதன் போக்கில் போயிற்று. பரீட்சையில் தப்பான விடையை அழிக்கிற வேகத்தில் தேய்த்துத் தள்ளிவிட்டு, தூளை ஊதிவிட்டுப் பார்த்தார். எறும்புப் பாதைகள் மாதிரி இருந்த நாலு கீறலும் இப்போது நாலு வண்டிப் பாதை ஆகியிருந்தன.

“அழிஞ்சுதா?” என்றாள் மனைவி.

“கொஞ்சம் விரிஞ்சிருக்கு.”

“போன வருஷம் யாருக்கோ சொன்னீங்களே, கீறல் விழுந்தா அது மேல நெயில் பாலிஷ் வைக்கணும்னு?”

“ஆமா. ஆனா அதுக்கு முன்னாடி அறுந்த இடத்தைப் பத்தவைக்க...”

அவள் கடைசிவரை கேட்கவில்லை. பக்கத்து ப்யூட்டி பார்லருக்குள் போய்விட்டாள்.

பார்லர் அக்கா கையில் ஒரு குப்பியோடு வந்தாள். அவள் பின்னால், முகம் பூராவும் வெள்ளைக் களிம்பு பூசிய வாடிக்கையாளர் அம்மா ஒருத்தியும் வேடிக்கை பார்க்க வந்து நின்றாள். கண்ணும் வாயும் மட்டும் தெரிந்தன.

“மனு சாரோடதா?” என்று பார்லர் அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். “என்னைப் பத்தி என்ன மனு போட்டாருன்னு தெரியுமா டாக்டர்? ‘உள்ளே போகிறவர்கள் வெளியே வரும்போதும் அப்படியேதான் இருக்கிறார்கள். எனவே அழகு நிலையம் என்ற பெயர் மோசடி.’ அளந்து பாக்க ரெண்டு ஆபீசர் வந்தாங்க.”

“அக்கா, அதெல்லாம் அப்புறம். பாலிஷ் குடுங்க.”

“நிறமில்லாதது தீந்து போச்சு. இதுதான் இருக்கு.”

அது ரத்தச் சிவப்பு. உள்ளே ஜிகினா வேறு மினுங்கிற்று.

“பரவால்ல, உள்ள யாரு பாக்கப் போறாங்க” என்று சொல்லிவிட்டு டாக்டர் தூரிகையை வாங்கினார். அவர் கை ஆடிய ஆட்டத்தைப் பார்த்து அக்கா அதைப் பிடுங்கிக்கொண்டாள். நாலு கீறலுக்கும் மணப்பெண் விரலுக்குப் போடுவது போல நிதானமாகப் பூசினாள். பச்சைப் பலகையில் நாலு சிவப்புக் கோடு. சிங்கம் பிறாண்டின மாதிரி இருந்தது.

“காயணுமே?”

“ஹேர் ட்ரையர் எதுக்கு இருக்கு?”

ஹேர் ட்ரையர் வந்தது. அக்கா ஒரே வேகம்தான் அறிவாள், முழு வேகம். சூடான காற்று அடித்த அடியில் பாலிஷ் காய்ந்தது. கூடவே, மதர்போர்டின் ஓரத்தில் வரிசை எண் அச்சடித்த சின்ன ஸ்டிக்கர் நுனி சுருண்டு எழுந்து, ஒரு துள்ளுத் துள்ளிப் பறந்து, வாசலில் நின்ற களிம்பு முகத்து அம்மாவின் கன்னத்தில் போய் ஒட்டிக்கொண்டது. யாரும் கவனிக்கவில்லை. அந்த அம்மாவும் கவனிக்கவில்லை. முகத்தில் அத்தனை களிம்பு இருக்கும்போது ஒரு ஸ்டிக்கர் எந்த மூலைக்கு? காட்சி முடிந்தது என்று அவள் பார்லருக்குத் திரும்பிப் போனாள்.

டாக்டர் பொத்தானை அழுத்தினார். இந்தத் தடவை விசிறி அரைச் சுற்றுக்கூடச் சுற்றவில்லை.

“அறுந்த கம்பி மேலயே பாலிஷ் போட்டு மூடிட்டோம்” என்றார். “புண்ணைக் கழுவாம கட்டுப் போட்ட மாதிரி.”

“இதை முதல்லயே சொல்லக் கூடாதா?” என்றாள் மனைவி.

“சொல்லத்தான் வந்தேன்!”

மணி ஒன்று. எதிர்ச்சாரியில் இருந்த கடிகாரக்காரரைக் கூப்பிட்டார்கள். ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு தலைமுடி கனத்துக்குக் கம்பி பற்றவைக்கிறவர். தெருவில் ஆடாத கை அவருடையது ஒன்றுதான்.

“மனு சாரோடதா? நான் தொட மாட்டேன்.”

“அண்ணே, ஒரு உதவி அண்ணே.”

“என் கடையில முப்பத்திரண்டு கடிகாரம் மாட்டியிருக்கு. அது முப்பத்திரண்டும் வேற வேற நேரம் காட்டுதாம், பொதுமக்களைத் திசை திருப்புறேனாம். மனு! ரிப்பேர் கடைப்பா அது! சரியா ஓடுற கடிகாரத்தை எவன் என்கிட்ட கொண்டு வருவான்?”

“சரி பண்ணலன்னா என் மேல போடுவாரு அண்ணே. எழுதிக் குடுத்திருக்கேன்.”

கடிகாரக்காரர் டாக்டரின் முகத்தைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டுப் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

“முதல்ல இந்தச் சிங்காரத்தை எடு.”

அக்கா பாலிஷ் அழிக்கிற திரவத்தைக் கொண்டுவந்தாள். பஞ்சில் நனைத்துத் துடைத்தார்கள். பாலிஷ் போயிற்று. பக்கத்தில் அச்சடித்திருந்த எழுத்துகளும் போயின. அதற்குப் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் செருகி ஒன்று குஷ்டம் பிடித்தது போல் வெளுத்தது. ஜிகினா மட்டும் போகவில்லை. அது பொடிப்பொடியாகப் பலகை முழுக்கப் பரவி, சந்து பொந்தெல்லாம் குடியேறிவிட்டது.

கடிகாரக்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய செம்புக் கம்பியை வைத்து முதல் கீறலைப் பற்றவைத்தார். இரண்டாவது. மூன்றாவது. பார்க்கிறவர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாலாவதுக்கு வரும்போது பாலிஷ் திரவத்தின் நெடி அவர் மூக்கில் ஏறியது.

“அ... அ...”

“வேணாண்ணே! அடக்குங்கண்ணே!” என்று அலறினார் டாக்டர்.

“அச்சூ!”

அந்தத் தும்மலில் ஆடாத கை ஒரே ஒரு தடவை ஆடியது. உருகிய ஈயம் ஒரு சொட்டு விழுந்து, ஊர் வம்பு மாதிரி இந்தக் கம்பியையும் அந்தக் கம்பியையும் சேர்த்துவைத்தது.

“சுரண்டிடலாம்” என்று சொல்லிவிட்டுக் கடிகாரக்காரர் கொஞ்சம் சுரண்டினார். “இப்ப போடு.”

போட்டார். விசிறி சுற்றியது! எல்லோரும் கை தட்டினார்கள். கம்ப்யூட்டர் ‘பீப்’ என்றது. நல்ல சகுனம் என்றார் டாக்டர். மறுபடி ‘பீப்’ என்றது. அதற்கப்புறம் அது நிறுத்தவே இல்லை. ‘பீப் பீப் பீப்’ என்று பிள்ளை பெறப்போகிறவளை ஏற்றிக்கொண்டு போகிற ஆம்புலன்ஸ் மாதிரி கத்த ஆரம்பித்தது. பொத்தானை அழுத்தினாலும் நிற்கவில்லை. தெருவில் போன ஒரு கார் நிஜமாகவே ஓரம் கட்டி வழி விட்டது.

“பிளக்கைப் பிடுங்குங்க!” என்று மனைவி கத்தினாள்.

டாக்டர் பாய்ந்து பிடுங்கினார். அமைதி. அந்த அமைதியில், மதர்போர்டின் நடுவிலிருந்து ஒரு நூல் அளவு புகை நிதானமாக எழுந்து, மேலே போய்க் கரைந்தது. எல்லோரும் அதை அண்ணாந்து பார்த்தார்கள்.

“போயிடுச்சு” என்றாள் அக்கா, சாவு வீட்டுக் குரலில்.

அப்போது போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் டாக்டர் அதை மனைவியிடம் நீட்டினார். அவள் முறைத்துக்கொண்டே வாங்கினாள்.

“சொல்லுங்க சார்... ஆமா சார்... டாக்டர் உள்ள தொடைச்சுக்கிட்டு இருக்காரு சார்... காலையிலேர்ந்து ஒரே தொடைப்புத்தான்... சத்தமா? என்ன சத்தம்? உங்க வீடு வரைக்கும் கேட்டுதா?... இல்ல சார், அது ஆம்புலன்ஸ்... சரி சார்... நாலு மணிக்கேவா?... வாங்க சார்.”

போனை வைத்தாள்.

“நாலு மணிக்கு வராரு. தெருவுல ஆம்புலன்ஸ் சத்தம் அதிகமா இருக்குன்னு ஒரு மனு போடணும்னு சொன்னாரு.”

மணி இரண்டே முக்கால். டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். பேக்கரிக்காரரின் முகம் கண் முன்னால் வந்தது. கடையைக் காலி செய்த அன்று அந்த மனுஷர் அழவில்லை. பெயர்ப்பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு, ‘நீங்களாவது நல்லா இருங்க’ என்று சொல்லிவிட்டுப் போனார். இந்தக் கடையை வைக்க டாக்டர் ஆறு வருஷம் அலைந்திருக்கிறார். கை ஆடுகிறவனுக்கு வேறு எந்த வேலை கிடைக்கும்?

மெல்லத் தலையைத் தூக்கி, ஜெராக்ஸ் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்த கடையின் சொந்தக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். மனைவி அவர் பார்வை போன இடத்தைப் பார்த்தாள்.

“வேணாம்” என்றாள்.

“அதே கம்பெனிதான், அதே அளவு. புதுசு. நல்ல வேகம்.”

“அது என் கம்ப்யூட்டர். பிரிண்ட் எடுக்கிறது, ஸ்கேன் பண்றது எல்லாம் அதுலதான். இந்தக் கடையில ஒழுங்கா ஓடுறது அது ஒண்ணுதான். ஏன்னா நீங்க அதைத் தொட்டதே இல்ல.”

“இப்பத் தொட வேண்டிய நேரம் வந்துடுச்சு.”

அவள் பிரிண்டர் வயரை உருவி வைத்தாள். பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு, “பாத்துக் கழட்டுங்க” என்றாள். டாக்டருக்குத் தன்னைத் தானே நாலு கீறு கீறிக்கொள்ளலாம் போல் இருந்தது.

இந்த முறை ஸ்க்ரூடிரைவரைக் கடிகாரக்காரர் பிடித்தார். மனைவியின் கம்ப்யூட்டரில் இருந்த மதர்போர்டு மனு சாரின் பெட்டிக்குள் போயிற்று. மனு சாரின் டிஸ்க்கை அதில் மாட்டினார்கள். எல்லாம் சரியாக உட்கார்ந்தது. அப்போதுதான் டாக்டருக்கு ஞாபகம் வந்தது.

“நம்பர்! அவரு நம்பர் பாப்பாரு! பழைய போர்டுல ஸ்டிக்கர் எங்க?”

பழைய போர்டில் ஸ்டிக்கர் இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம்தான் இருந்தது. மேசைக்கு அடியில் தேடினார்கள். குப்பைத் தொட்டியைக் கவிழ்த்தார்கள். டாக்டர் நாலு காலில் தவழ்ந்து வாசல் வரை போனார்.

“ஒரு நிமிஷம்” என்றாள் பார்லர் அக்கா யோசனையாக. “பாலிஷ் திரவம் எடுக்கப் போனப்ப என் வாடிக்கையாளர் கன்னத்துல ஏதோ வெள்ளையா, சதுரமா... களிம்பு திரைஞ்சிருக்குன்னு நினைச்சேன்.”

நாலு பேரும் பார்லருக்குள் ஓடினார்கள். அந்த அம்மா சாய்வு நாற்காலியில் கண்ணை மூடி அரைத் தூக்கத்தில் இருந்தாள். இடது கன்னத்தில் பன்னிரண்டு இலக்க எண், கம்பிக் கோடுகளோடு, விற்பனைக்கு வைத்த சாமான் போல.

“அம்மா, அசையாதீங்க” என்று சொல்லி டாக்டர் அங்கே கிடந்த, புருவம் திருத்துகிற சாமணத்தை எடுத்து நீட்டினார்.

அவள் கண்ணைத் திறந்தாள். தலைக்கு மேல் பூதக்கண்ணாடி மாட்டிய ஒருவரும், சாமணம் பிடித்த ஒருவரும் குனிந்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். அவள் போட்ட கூச்சலுக்கு முன்னால் கம்ப்யூட்டர் போட்டது தாலாட்டு. அக்காதான் அவளைச் சமாதானப்படுத்தி, “புது சிகிச்சைம்மா, உங்களுக்கு மட்டும்” என்று சொல்லி, களிம்போடு சேர்த்து ஸ்டிக்கரை உரித்து எடுத்தாள். துடைத்து, பசை தடவி, புதுப் போர்டில் ஒட்டினார்கள். கொஞ்சம் வாசனையாக இருந்தது. மற்றபடி குறையில்லை.

மூன்றே முக்காலுக்குப் பொத்தானை அழுத்தினார்கள். கண் மூடித் திறப்பதற்குள் திரை வந்தது. பத்து வருஷக் கிழம் ஒன்று எழுந்து குதித்து ஓடுகிற மாதிரி இருந்தது. திரை நடுவில் ஒரே ஒரு பெட்டி: ‘நம் தெரு’. ஓடுகிறதா என்று சோதிக்க வேண்டுமே என்று டாக்டர் அதைத் திறந்தார். உள்ளே எல்லோரும் இருந்தார்கள். ‘கடிகாரக் கடை, 22 மனுக்கள்.’ ‘அழகு மோசடி, 31 மனுக்கள்.’ ‘போலி டாக்டர், 40 மனுக்கள்.’

“நாப்பதா?” என்றார் டாக்டர்.

“நீங்கதான் முதல்” என்றாள் மனைவி.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது, இன்று சாயங்காலம் போக வேண்டிய மனு. கடிகாரக்காரர் சத்தமாகப் படித்தார்: “‘நடைபாதையில் இரண்டு சாண் அளவுக்குப் படிகள் நீட்டிக்கொண்டிருப்பதால், ஜெராக்ஸ் கடை, அழகு நிலையம், கடிகாரக் கடை உள்ளிட்ட அனைத்துக் கடைகளையும் உடனடியாக அப்புறப்படுத்த...’”

அவருக்கு மேலே படிக்க முடியவில்லை.

“அழிச்சிடு” என்றார்.

டாக்டரின் விரல் பொத்தானுக்கு மேல் போய் நின்றது. அப்படியே நின்றது.

“அழிடா!”

“எப்படிண்ணே? மனுஷன் நம்பிக் குடுத்திருக்காரு. நோயாளி எப்படிப்பட்டவனா இருந்தாலும் டாக்டர் வைத்தியம்தான் பாக்கணும், கழுத்தை நெரிக்கக் கூடாது.”

“நீ டாக்டரே இல்லன்னுதானே நாப்பது மனு போட்டிருக்கான்!”

“அழிக்கவும் வேணாம், கழுத்தை நெரிக்கவும் வேணாம்” என்றாள் மனைவி. “அஞ்சு மணிக்குத்தானே கடைசி? அஞ்சே காலுக்குக் குடுப்போம். ஒரு வயரை மட்டும் கழட்டிப் போட்டு, இன்னும் ரெடியாகலன்னு சொல்லுங்க.”

இத்தனை வருஷத்தில் அவளை இவ்வளவு காதலோடு டாக்டர் பார்த்ததில்லை. வயரைக் கழற்றக் கையை நீட்டினார்.

“அட, ரெடியாயிடுச்சா!”

வாசலில் கோப்போடு மனு சார். அவர் பின்னால் அவருடைய மனைவி. மனு சார் நேராக உள்ளே வந்தார், திரையைப் பார்த்தார், கோப்பைத் திறந்தார், டார்ச்சை எடுத்துப் பெட்டிக்குள் அடித்து எண்ணைச் சரிபார்த்தார். ஒவ்வொரு இலக்கமாக. மூக்கை உறிஞ்சினார்.

“என்ன வாசனை?”

“தொடைச்ச மருந்து சார்” என்றார் டாக்டர்.

மனு சார் நாற்காலியில் உட்கார்ந்து மனுவைத் திறந்தார். பட்டென்று திறந்தது. மூடினார். பட்டென்று மூடியது. அவர் முகத்தில், அந்தத் தெரு இதுவரை பார்த்திராத ஒன்று மெல்லப் பரவியது. சிரிப்பு.

“பறக்குதேய்யா! முன்னெல்லாம் ஒரு மனு எழுதி அனுப்ப அரை நாள் ஆகும். இனிமே ஒரு நாளைக்குப் பத்துப் போடலாம் போலிருக்கே! இங்க நெட் இருக்கா?”

நாலு பேரும் சுவரோரம் கிடந்த கேபிளைப் பார்த்தார்கள்.

“இருக்கான்னு கேட்டேன்.”

“இருக்கு சார்” என்று சொல்லி, டாக்டர் தன் கையாலேயே கேபிளைச் செருகினார். அந்தக் கை இப்போது பார்த்துத் துளிக்கூட ஆடவில்லை. மனு சார் ஒரு பொத்தானை அழுத்தினார். நாலு மணி எட்டு நிமிஷத்துக்கு, நாலு பேரின் கண் முன்னால், மனு போய்ச் சேர்ந்தது.

“நல்லா வேலை தெரிஞ்சவன்யா நீ” என்றார் மனு சார் எழுந்துகொண்டே. “ஆனாலும் பலகையில டாக்டர்னு போட்டிருக்கிறது தப்பு. நாப்பத்தொண்ணாவது இன்னிக்குப் போயிடும்.”

கோப்பை இடுக்கிக்கொண்டு படி இறங்கிப் போனார். கால் இடறியது. நின்று, குனிந்து, படியை ஒரு முழம் போட்டு அளந்து கோப்பில் குறித்துக்கொண்டு, மேலே நடந்தார்.

கடிகாரக்காரர் சுவரில் சாய்ந்தார். பார்லர் அக்கா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். டாக்டரின் மனைவி, மனு சாரின் பழைய போர்டு உள்ளே ஜிகினா மினுங்கக் கிடந்த தன் கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வைதான் அவருக்கு அதிகம் வலித்தது.

மனு சாரின் மனைவி மட்டும் இன்னும் போகவில்லை. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொள்ள மேசையருகே வந்தவர், அதன் மேல் கையை வைத்தபடி அப்படியே நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசி அந்தத் தெருவில் யாரும் கேட்டதில்லை.

“என்னம்மா, கனமா இருக்கா? நான் தூக்கிட்டு வரட்டுமா?” என்றார் டாக்டர்.

அந்த அம்மா வாசலை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். புருஷன் தெருமுனை தாண்டிவிட்டதை நிச்சயப்படுத்திக்கொண்டு, கண் கலங்கத் திரும்பினார்.

“மூணு கீறல் நானே போட்டேன் தம்பி, மிச்சத்தை நீ பாத்துக்குவேன்னு நம்பித்தானே உன் கடைக்குத் தூக்கிட்டு வந்தேன், இப்படி நல்லாக்கிக் குடுத்துட்டியே!”